மீதியை முடிக்கும் கை

புதுக் கை வந்த சில நாட்களிலேயே ஜெசிந்தாவுக்கு அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அது எதையும் போட்டு உடைக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கும்பிட்டது, அவ்வளவுதான்.

காலை ஷிப்டில் தன் பழைய பிரஸ்ஸின் முன்னால் போய் நின்று, வேலை தொடங்கும் முன் சிலுவை போடுவதற்காக வலது கையைத் தூக்கினாள். கை நெற்றிக்குப் போகவில்லை. பிரஸ்ஸின் இரும்பு உடம்பை விரல் நுனியால் தொட்டது. தொட்ட விரல்களைக் கொண்டுவந்து அவளுடைய இரண்டு கண்களிலும் ஒற்றியது. ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து ஜெசிந்தா எந்த இயந்திரத்தையும் கும்பிட்டதில்லை. யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இடது கையால் அவசர அவசரமாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

கோயமுத்தூரில் பம்பு மோட்டாருக்குள் போகிற தகடுகளை வெட்டித் தருகிற கம்பெனி அது. மெல்லிய இரும்புத் தகட்டை அச்சுக்கு நடுவில் வைக்க வேண்டும்; இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும்; மேலச்சு இறங்கி வெட்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது என்பது அதைக் கண்டுபிடித்த புண்ணியவானின் எண்ணம். அவர் பாவம், பீஸ் கணக்கில் வேலை பார்த்தவர் இல்லை.

ஒரு பீஸுக்கு இவ்வளவு கூலி என்று வேலை பார்க்கிறவர்கள் வேறொன்று கண்டுபிடித்திருந்தார்கள். வலது பொத்தானை அமுக்கி, பக்கத்து இடுக்கில் ஒரு புளியங்கொட்டையைச் சொருகிவிட்டால் பொத்தான் மேலே வராது. அப்புறம் இடது கை ஒன்றே இயந்திரத்தை ஓட்டும். வலது கை தகட்டை வைத்து எடுத்துக்கொண்டே இருக்கலாம். சூப்பர்வைசர் குப்புராஜுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி நடமாடுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

போன வருஷம் ஒரு நாள் ஜெசிந்தா ஷிப்ட் மாற்றி வந்து நின்றதும், அச்சுக்குள் ஒரு தகடு சிக்கியிருப்பதைப் பார்த்தாள். அதை எடுக்க வலது கையை உள்ளே விட்டாள். இடது கை சும்மா பொத்தானின்மேல் ஊன்றியிருந்தது. ஒரு பொத்தானுக்கு அச்சு இறங்காது என்ற நம்பிக்கைதான். அச்சு இறங்கியது. மணிக்கட்டோடு போய்விட்டது.

விசாரணையில் வலது பொத்தானில் புளியங்கொட்டை இருந்தது என்றார்கள். "நான் வெக்கலீங்க. நான் வெக்கறதே இல்லீங்க" என்று படுக்கையில் கிடந்தபடி சத்தியம் செய்தாள். லைனில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதை என்று முடித்துவிட்டார்கள்.

அதே கம்பெனிதான் இப்போது வீடு தேடி வந்து, கையும் கொடுத்து, பழைய வேலையையும் கொடுத்திருக்கிறது. 'மறுவாசல்' என்று திட்டத்துக்குப் பெயர். காயம்பட்டவர்கள் திரும்பி வர வேண்டும், வந்தவர்கள் நிலைத்து நிற்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. ஜெசிந்தாதான் அந்த வாசல் வழியாக வந்த முதல் ஆள். ஒரே ஒரு நிபந்தனை: தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புதல் தரும்வரை இது சோதனைக் காலம். அதற்குள் பாதுகாப்பு விஷயத்தில் ஒரு புகார் வந்தாலும் கையும் போகும், வேலையும் போகும். ஏற்கெனவே ஒரு தரம் அஜாக்கிரதை என்று பெயர் வாங்கியவளுக்கு இரண்டாம் தரம் யார் இரக்கம் காட்டுவார்கள்?

திட்டத்தைப் பார்த்துக்கொண்ட பிரணவ், தினம் ஒரு தரம் வந்து தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரிப்பான். சென்னைக்காரன், வயது முப்பதுகூட இருக்காது. அவ்வளவு அன்பாகப் பேசுவான். அந்த அன்புதான் ஜெசிந்தாவுக்கு உறுத்தியது.

"நாஞ் சிலுவை போடப் போனேனுங்க. இது கும்புடு போடுது" என்றாள் அவனிடம்.

அவன் சிரித்தான். "அது தப்பா எதுவும் பண்ணல மேடம். நீங்க நினைக்கிறதை முழுசா கேட்டுட்டுச் செஞ்சா லேட்டாயிடும். அதனால பாதி கேட்டதுமே மீதியை அதுவே முடிச்சிடும். போன்ல ரெண்டு எழுத்து அடிச்சா முழு வார்த்தையும் தானா வருதுல்ல, அந்த மாதிரி."

"மீதி என்னன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கத்துக்கொடுத்திருக்கோம். லைன்ல எல்லார் மணிக்கட்டுலயும் ஒரு பட்டை கட்டியிருந்தோமே, அதுல பதிவான அசைவுகளை வச்சு. நல்லா ஓட்டுறவங்களோட பதிவு மட்டும்தான் எடுத்தோம். அவங்க தொட்டுக் கும்பிட்டிருப்பாங்க, கையும் கும்பிடுது."

"அந்தப் பட்டை நாடி பாக்கறதுக்குன்னு சொல்லித்தானே கட்டி உட்டீங்க?"

"நாடியும் பார்க்கும்" என்றான் பிரணவ். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"நல்லா ஓட்டறவங்கன்னா யாருங்க?"

"ஷிப்டுக்கு அதிகமா பீஸ் எடுக்கறவங்க. உங்க பழைய பதிவும் அதுல இருக்கு மேடம், நீங்களும் அந்த வரிசைலதானே இருந்தீங்க. பயப்படாதீங்க. அதுக்குக் காதுகூட இருக்கு. சைரன் அடிச்சா, யாராவது கத்தினா நின்னுடும். இன்னொண்ணு, நீங்க ஆரம்பிக்காத எதையும் அது ஆரம்பிக்காது. அதை மட்டும் நம்புங்க."

ஜெசிந்தா நம்பவில்லை. நம்புகிற முகமாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் கை இன்னொரு காரியம் செய்தது. தகட்டுக் கட்டைப் பிரித்து வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, கை அவளுடைய இடது இடுப்புக்குப் போனது. சேலை கட்டுகிறவர்கள் சில்லறையும் சாவியும் சொருகி வைப்பார்களே, அந்த இடத்துக்கு. ஜெசிந்தா சுடிதார்க்காரி, அங்கே சொருக ஒன்றும் கிடையாது. கை இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்தது. வலது பொத்தானுக்குப் போனது. பொத்தானை அமுக்கி, பக்கத்து இடுக்கில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தியது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி தகட்டை எடுக்கப் போனது.

விரல்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. இடது கையைப் பொத்தானிலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மிச்சம் இருப்பது அது ஒன்றுதானே.

கை போன அன்றைக்கு அவளுக்கு முன்னால் அந்தப் பிரஸ்ஸை ஓட்டியது மயிலக்கா.

மயிலாத்தாள் என்கிற மயிலக்கா இப்போது பக்கத்துப் பிரஸ்ஸில் இருக்கிறாள். கம்பெனிக் கோட்டுக்குள்ளே சேலைதான் கட்டுவாள். ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேலை முடிந்து நேராக வந்து தலை வாரிவிட்டது அவள்தான். ஒற்றைக் கையால் பாவாடை நாடா முடியத் தெரியாமல் அழுதபோது முடிந்துவிட்டதும் அவள்தான். சொந்த அக்கா இருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டாள் என்று ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு ஏன் செய்தாள் என்று ஜெசிந்தா இப்போதுதான் முதல்முறையாக யோசித்தாள்.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக மயிலக்காவைக் கவனித்தாள். காலையில் பிரஸ்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். சரிதான். கோட்டை விலக்கி இடது இடுப்பில் கை வைக்கிறாள். சரிதான், சரிதான். திருடன் வீட்டிலேயே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோமே என்று ஜெசிந்தாவுக்கு நெஞ்சு கொதித்தது.

மத்தியானம் மயிலக்கா தூக்குப்போசியைத் திறந்து நீட்டினாள். "ஏங் கண்ணு, சோத்துல கையே வெக்க மாட்டீங்கற? கத்திரிக்காப் பொரியல் கொண்டாந்திருக்கறேன், தின்னு பாரு."

"பசிக்கலீங்க்கா."

"மேலுக்கு முடியலியா? அந்தக் கையி வலிக்குதா?"

"அந்தக் கைக்கு வலியெல்லாம் தெரியாதுங்க. வேற நெறையத் தெரியும்" என்றாள் ஜெசிந்தா, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. மயிலக்கா மூடியை மூடுவதில் மும்முரமாக இருந்தாள்.

ஜெசிந்தா பிரணவிடம் போனாள். "எனக்கு அடிபட்ட அன்னிக்கும் எல்லாரு கையிலயும் அந்தப் பட்டை இருந்துச்சுல்லீங்க?"

"இருந்தது..."

"அப்ப அந்தக் கொட்டைய வெச்சது யாருன்னு உங்ககிட்ட பதிவு இருக்கோணுமே?"

பிரணவ் கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். "அந்தப் பதிவைக் கைக்குக் கத்துக்கொடுக்க மட்டும்தான் எடுக்கலாம்னு உத்தரவு மேடம். விசாரணைக்கு இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கை ஏதாவது வேண்டாத பழக்கம் காட்டுதா? சனிக்கிழமை கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. அதை மட்டும் அழிச்சிட்டுத் திங்கட்கிழமை தர்றேன். ஆய்வாளர் வர்ற நேரத்துல எதுக்கு வம்பு?"

என்ன பழக்கம் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்காமலே அழிக்கிறேன் என்கிறான். இவனுக்கும் தெரியும், ஜெசிந்தாவுக்குச் சுரீரென்றது. தெரிந்துகொண்டுதான் இத்தனை நாளும் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறான்.

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகோணுங்க. கையில்லாம போனா எல்லாரும் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கைதான். அதையும் கழுவித் துடைக்கக் கொடுப்பதற்கு அவளுக்கு என்ன பைத்தியமா?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் அப்பத்தை உயர்த்தினார். பீடத்தில் மணி அடித்தது. முழங்காலில் இருந்த ஜெசிந்தாவின் வலது கை, முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்புக்குப் போனது. கட்டைவிரலால் எதையோ நெம்பி எடுத்தது. இரண்டு விரலால் பிடித்து, கொண்டுபோய் இடது இடுப்பில் சொருகியது. மணி மறுபடி அடித்தது. கை மறுபடி நெம்பியது. மூன்றாவது மணிக்கு ஜெசிந்தா அதை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பூசையில் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவள் காதில் விழவில்லை.

வைக்கத் தெரிந்த கைக்கு எடுக்கவும் தெரிந்திருக்கிறது. மணி அடித்தால் எடுக்கிறது.

கம்பெனியில் ஒரு மணி இருந்தது. ஜெசிந்தாவின் பிரஸ்ஸுக்குப் பக்கத்துத் தூணில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. ஷிப்ட் முடிந்தால் வாட்ச்மேன் வந்து இரும்புக் கம்பியால் அடிப்பார். எல்லாரும் இயந்திரத்தை நிறுத்தி, துடைத்து, டீ குடித்து, அப்புறம்தான் அடுத்த ஷிப்ட் வந்து நிற்கும். போன வருஷம் அந்த மணியை நிறுத்திவிட்டார்கள். மணி அடித்தால் வேலை நின்றுபோகிறதாம். இனிமேல் பிரஸ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வருகிறவள் பின்னால் வந்து நிற்க, இருக்கிறவள் நகர்ந்து இடம்விட வேண்டும் என்று உத்தரவு. அந்த உத்தரவு வந்த வாரம்தான் ஜெசிந்தாவின் கை போனது.

திங்கட்கிழமை கை கழுவுகிற இடத்தில் மயிலக்காவை மடக்கினாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க நவுந்தப்ப அந்தக் கொட்டைய எடுத்தீங்களா?"

மயிலக்கா எந்தக் கொட்டை என்று கேட்கவில்லை. குழாயை மூடினாள். மூடிய குழாயை இன்னும் இறுக்கி மூடினாள்.

"தெரியல கண்ணு."

"தெரியலீன்னா என்னங்க்கா அர்த்தம்?"

"வெக்கறப்பவும் தெரியாது, எடுக்கறப்பவும் தெரியாது. மணி அடிச்சா கையி பாட்டுக்கு எடுக்கும். அன்னிக்கு மணி இல்ல. நீ பொறகால வந்து நின்னே, நாம் பேசிக்கிட்டே நவுந்துட்டேன். பஸ்ஸுல போறப்ப சேதி வந்துச்சு. இடுப்பத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். ஒரு கொட்டை இருந்துச்சு. அது அன்னிக்கு எடுத்ததா, மிச்சம் கெடந்ததான்னு..." அவள் ஈரக் கையால் இடுப்பைத் தொட்டுக்கொண்டாள். "ஒரு வருசமா ராத்திரி பகலா அதையேதான் நெனச்சுட்டிருக்கறேன். நெசமாலுமே தெரியல கண்ணு."

"விசாரணைல இத ஏன் சொல்லல?"

"மணிய நிறுத்துனதப் பத்திப் பேச்செடுத்தா லைன்ல ஒருத்திக்கும் வேலை இருக்காதுன்னு குப்புராஜண்ணன் சொன்னாரு."

பொய், பச்சைப் பொய் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. கொட்டையைச் சொருகிவிட்டுத் தெரியாது என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. வலது கை பாதி தூரம் எழுந்தது. மீதி என்ன என்று அதற்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அந்தரத்தில் அப்படியே நின்றது. மயிலக்கா அந்த அறைக்குக் காத்திருக்கிறவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஜெசிந்தா திரும்பி நடந்துவிட்டாள்.

மறுநாள் ஆய்வாளர் தேவசேனா வந்தார். காலையிலேயே குப்புராஜ் லைன் முழுக்க நடந்து, ஒவ்வொருத்தியிடமும் கையை நீட்டிப் புளியங்கொட்டைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிரணவ் ஜெசிந்தாவின் காதோரம் வந்து, "சாயங்காலம் கையைக் கண்டிப்பா குடுத்துடணும் மேடம்" என்றான். இந்த முறை குரலில் அன்பு கொஞ்சம் குறைச்சல்.

ஆய்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். ஜெசிந்தா தகடு வைத்தாள், எடுத்தாள், இரண்டு கையாலும் பொத்தான் அமுக்கிக் காட்டினாள்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. வேற என்ன செய்யும் இது?"

"மணிச் சத்தம் கேட்டா ஒண்ணு செய்யுமுங்க. அடிச்சுக் காட்டட்டுங்களா?"

"ஏம்மா, அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று குப்புராஜ் முன்னால் வருவதற்குள், ஜெசிந்தா இடது கையால் தூணில் இருந்த கம்பியை எடுத்துத் தண்டவாளத்தில் ஓங்கி அடித்தாள்.

ஒரு வருஷமாகச் சும்மா தொங்கிய இரும்பு, கூரை அதிர முழங்கியது. ஜெசிந்தாவின் வலது கை பொத்தானுக்குப் போய் நெம்பியது, இடுப்புக்குப் போனது. அதை மட்டும் காட்டத்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் ஆய்வாளர் அவளைப் பார்க்கவில்லை. லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை முழுக்க, அத்தனை பெண்களின் வலது கைகளும் பொத்தானுக்குப் போயின. கட்டைவிரலால் நெம்பின. ஒன்றுமில்லாததைக் கிள்ளி எடுத்து இடுப்புக்குக் கொண்டுபோயின. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்களுக்கே தாங்கள் என்ன செய்தோம் என்று தெரிந்தது. குப்புராஜின் பை அவர் சட்டைக்குள் கனத்தது.

"எல்லாரும் என்ன எடுத்தீங்க?" என்றார் ஆய்வாளர்.

யாரும் பேசவில்லை. விசாரணையில் இருந்த அதே மௌனம். ஜெசிந்தா அதை நன்றாக அறிவாள். இன்றைக்கும் இதே கதைதான் என்று அவள் பல்லைக் கடித்தபோது, பக்கத்துப் பிரஸ்ஸிலிருந்து குரல் வந்தது.

"புளியங்கொட்டைங்க." மயிலக்கா தன் பிரஸ்ஸைவிட்டு ஓர் அடி முன்னால் வந்திருந்தாள். "மணி அடிச்சா எடுத்துருவோமுங்க. போன வருசம் மணிய நிறுத்திப்புட்டாங்க. இவளுக்கு முன்னால அந்தப் பிரஸ்ஸுல நான் இருந்தனுங்க. இவ மேல தப்பில்லீங்க."

ஆய்வாளர் பிரணவைத் திரும்பிப் பார்த்தார். "இந்தக் கைக்கு இதை யார் கத்துக்கொடுத்தது?" அவன் குப்புராஜைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பட்டை, பதிவு, உத்தரவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். விபத்து நாளின் பதிவும் இருக்கிறது என்பதைக் கடைசியாகச் சொன்னான்.

"பதிவும் இந்தக் கையும் என்கிட்ட வரணும். மறுபடி விசாரணை நடக்கும். உங்க பேர்ல இருக்கற குத்தம் போயிடும்மா" என்றார் ஆய்வாளர் ஜெசிந்தாவிடம். "ஆனா அதுவரைக்கும் கை இல்லாம இருக்கணும். சம்மதமா?"

கை இல்லையென்றால் வேலையும் இல்லை. எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஜெசிந்தா பூட்டை விடுவித்துக் கையைக் கழற்றிக் கொடுத்தாள். பாரம் இறங்கியது போல் இருந்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக நிமிர்ந்து நின்று எல்லாரையும் பார்த்தாள். நான் வைக்கவில்லை என்று அப்போதே சொன்னேனே, கேட்டீர்களா என்று அந்தப் பார்வை கேட்டது.

"வாட்ச்மேன், இன்னொரு தடவை அடிங்க. படம் எடுத்துக்கறேன்" என்றார் ஆய்வாளர், சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தவரிடம்.

இந்த முறை பெண்கள் எல்லாரும் உஷாராக இருந்தார்கள். ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டாள், ஒருத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மணி முழங்கியது. ஒரு கைகூட அசையவில்லை.

ஜெசிந்தாவின் வெறும் சட்டைக் கை அசைந்தது.

மணிக்கட்டு இருந்த இடத்துக்கு அப்பால், இல்லாத கட்டைவிரல் எதையோ நெம்பியது. இல்லாத இரண்டு விரல்கள் அதைக் கிள்ளின. முழங்கை மடங்கி, தொங்குகிற துணியோடு இடது இடுப்புக்குப் போய் நின்றது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். கையைத்தான் கழற்றிக் கொடுத்தாகிவிட்டதே. இப்போது அசைவது யார்? நீங்கள் ஆரம்பிக்காத எதையும் அது ஆரம்பிக்காது என்று பிரணவ் சொன்னது நினைவுக்கு வந்தது. ஷிப்டுக்கு அதிகமாகப் பீஸ் எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்தப் பீஸெல்லாம் இரண்டு பொத்தானை அமுக்கி எடுத்ததா என்ன? வெக்கறதே இல்லீங்க, வெக்கறதே இல்லீங்க என்று ஒரு வருஷம் சொல்லிச் சொல்லி, சொன்னவளே நம்பிப்போயிருந்தாள்.

எல்லாரும் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயிலக்கா மட்டும் இதைப் பார்த்தாள். மெதுவாக வந்து, தொங்குகிற சட்டைக் கையை மடித்து, தன் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாள்.

"அக்கா," என்றாள் ஜெசிந்தா, தனக்கே கேட்காத குரலில். "அன்னிக்கு நாந்தான் வெச்சிருப்பனா?"

"தெரியல கண்ணு" என்றாள் மயிலக்கா.

இந்த முறை ஜெசிந்தா அதை நம்பினாள்.